மானிப்பாயின் மருத்துவ ஆசான்

நுழையும்முன்

நோயைத் தீர்ப்பது மருத்துவம். நோயாளி வாழும் ஊரையும் அவர் பேசும் மொழியையும் அறியாதவருக்கு அந்த மருத்துவம் முழுமையாகக் கைகூடுவதில்லை. மருத்துவ மாணவரை மக்கள் நடுவே பயிற்றுவிக்க வேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அக்கருத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தமிழ் மண்ணில் செயலாக்கிக் காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். கடல்கடந்து வந்து தமிழ் கற்று, தமிழில் மருத்துவம் பயிற்றிய அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஊர் வூஸ்டர். அங்குக் கிறீன் குடும்பத்தார் வாழ்ந்த பண்ணை நிலம் 'கிறீன் குன்று' என்று வழங்கப்பெற்றது. அக்குடும்பத்தில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சாமுவேல் பிறந்தார். அவருடைய தமையன் ஆண்ட்ரூ, பிற்காலத்தில் நியூயார்க் மாநகரின் வளர்ச்சிக்கும் அந்நகரின் நடுப்பூங்கா உருவாவதற்கும் பெரிதும் உழைத்துப் புகழ்பெற்றார். தம்பியோ தம் நாட்டின் பெருநகரத்தை விடுத்து, யாழ்ப்பாணத்துப் பனைநிழலைத் தம் பணிக்களமாகத் தெரிந்துகொண்டார்.

சாமுவேல் கிறீன் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். சொந்த நாட்டிலேயே தொழில் நடத்தி வளமாக வாழும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எனினும் அமெரிக்க மிஷனைச் சார்ந்து அயல்நாடு சென்று பணியாற்ற அவர் விரும்பினார். சமயப்பற்றே அவரை இப்பணிக்குத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் தமிழர்க்கு விட்டுச்சென்ற கல்விச்செல்வம் சமய எல்லையைக் கடந்து நிற்கிறது.

1847ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கிறீன், சென்னை வழியாக அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ 25.

முன்னோர் இட்ட வழி

கிறீன் வருவதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர்கள் பணியாற்றியிருந்தனர். 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர் ஜான் ஸ்கடர். வேலூரில் மருத்துவக் கல்லூரி நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பெயர்த்தி ஆவார். ஜான் ஸ்கடருக்குப் பின் நேதன் வார்ட் என்பவர் வட்டுக்கோட்டையில் மருத்துவம் செய்தார். அவர் இடத்தை நிரப்பவே கிறீன் அனுப்பப்பட்டார். வட்டுக்கோட்டையில் சிலகாலம் இருந்த அவர், 1848இல் மானிப்பாயைத் தம் பணியிடமாகக் கொண்டார்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் பெரும்பாலும் உழவையும் கைத்தொழிலையும் நம்பி வாழ்ந்தனர். பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். அவர்கள் மூலிகையறிவில் தேர்ந்தவர்கள். ஆயினும் அறுவை மருத்துவம் வேண்டிய நோய்களும், சிக்கலான மகப்பேறும், அவ்வப்போது பரவிய பேதியும் அம்மையும் பல உயிர்களைக் கவர்ந்து சென்றன. மேலைமருத்துவம் அறிந்தவரோ தீபகற்பம் முழுவதிலும் மிகச் சிலரே.

மானிப்பாயில் கிறீன் அமைத்த மருந்தகத்தை நாடி ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஒருவர் இரவும் பகலும் உழைத்தாலும் வருவோர் அனைவரையும் கவனித்தல் அரிது என்பதைக் கிறீன் விரைவில் உணர்ந்தார். தாம் ஒருவராகப் பல்லாயிரவர்க்கு மருந்தளிப்பதைவிட, மருந்தளிக்க வல்லவர் பலரை உருவாக்குவதே அறிவுடைமை என்று தெளிந்தார். வந்த மறு ஆண்டிலேயே, அஃதாவது 1848இலேயே, விரல்விட்டு எண்ணத்தக்க சில மாணவரைக் கொண்டு மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். கொழும்பில் அரசினர் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல் என்பதை நோக்க, மானிப்பாய் வகுப்பின் தொன்மை விளங்கும்.

மருந்தகமே வகுப்பறை

கிறீன் நடத்திய பள்ளிக்குப் பெரிய கட்டடமோ மிகுதியான கருவிகளோ இல்லை. மருந்தகமே அதன் வகுப்பறை. நோயாளிகளே அதன் பாடநூல். மாணவர் நூலறிவோடு நின்றுவிடாமல் ஆசிரியர் அருகிலிருந்து நோயாளியைக் காணவும், மருந்து கூட்டவும், புண்ணைக் கழுவிக் கட்டவும் பழகினர். உடற்கூறும் மருந்தியலும் கற்ற மாணவர், தாம் கற்றது மெய்தானா என்பதைத் தம் கண்முன் இருந்த மனிதரிடத்தே அறிந்துகொண்டனர்.

இம்முறையில் ஒரு நன்மை இருந்தது. பெரிய மருத்துவமனையில் பயிலும் மாணவர் நோயை மட்டும் காண்பர். நோய் பிறந்த வீட்டைக் காணார். மானிப்பாய் மாணவர்க்கு அந்த வீடு அயலது அன்று. நோயாளி குடிக்கும் கிணற்றுநீர், உண்ணும் உணவு, உறங்கும் குடிசை ஆகியவை அனைத்தும் மாணவருக்குத் தெரிந்தவையே. எந்த மருந்தை எவ்வாறு உட்கொள்ள வேண்டும் என்று கூறினால் நோயாளியின் வீட்டார் அதனைக் கடைப்பிடிப்பர் என்பதும் அவர்கள் அறிந்ததே.

மாணவரைத் தேர்ந்தெடுத்த கிறீன் அவர்களுடைய வாழ்முறையிலும் கருத்துச் செலுத்தினார். மேலைமருத்துவம் கற்பவர் மேலைநாட்டாரைப்போல் உடுத்தவும் நடக்கவும் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. கிறீன் அதனை ஏற்கவில்லை. அயல்நாட்டு உடையும் பழக்கமும் மாணவரை அவர்தம் மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்று அவர் கருதினார். கிறித்தவத்தைத் தழுவியோரும் தமிழராகவே வாழ வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஊராரைப்போல் உடுத்து, ஊராரோடு உண்டு, ஊராருள் ஒருவராய் இருப்பவரையே ஊரார் தயக்கமின்றி அணுகுவர் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஆங்கிலமா, தமிழா?

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். நூல்கள் அனைத்தும் அம்மொழியிலேயே இருந்தன. வட்டுக்கோட்டைக் குருமடத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞரும் கிடைத்தனர். ஆகவே அம்முறை எளிதாகவே இருந்தது.

ஆனால் சில ஆண்டுகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்க்கு அரசுப்பணி எளிதிற் கிட்டியது. நிறைந்த ஊதியமும் வந்தது. தேர்ச்சி பெற்றவர் பலர் கிராமங்களை விட்டுத் தொலைவிலுள்ள நகரங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் சென்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. வறுமையிலிருந்து உயரும் வழியைக் கல்வி காட்டும்போது அவ்வழியே செல்வது மாந்தர் இயல்பு. எனினும் மானிப்பாயைச் சூழ்ந்த ஊர்களின் நிலை மாறவில்லை. நோயுற்ற குழந்தையைத் தோளிற் சுமந்துவரும் தாய்க்கு அருகில் மருத்துவர் இல்லை. மருத்துவரை உருவாக்குதல் ஒன்று. அவரை மக்களிடையே நிலைபெறச் செய்தல் மற்றொன்று என்பதைக் கிறீன் கண்டறிந்தார்.

இச்சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு தமிழ். தாய்மொழியில் மருத்துவம் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தொழில் செய்வர். தாம் கற்றதைப் பிறர்க்கும் எடுத்துரைப்பர். அவ்வழியே மருத்துவ அறிவு மக்களிடையே வேரூன்றும் என்று அவர் எண்ணினார். ஆங்கிலம் அறியாத ஆயினும் அறிவுக்கூர்மை மிக்க இளைஞர்க்கும் மருத்துவக் கல்வியின் வாயில் இதனால் திறக்கும் என்பதும் அவர் கருத்து.

இம்முடிவு எல்லார்க்கும் உவப்பாக அமையவில்லை. ஆங்கிலம் பதவிக்கும் பொருளுக்கும் உரிய திறவுகோலாகக் கருதப்பட்ட காலம் அது. பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதே பெற்றோர் பலரின் வேட்கை. தமிழில் அறிவியலைச் சொல்ல இயலுமா என்னும் ஐயமும் கற்றோரிடையே நிலவியது. கிறீன் வாதிட்டுக் காலத்தைக் கழிக்கவில்லை. நூல்களை எழுதத் தொடங்கினார்.

சொல்லைத் தேடிய மருத்துவர்

யாழ்ப்பாணம் வந்ததுமுதல் கிறீன் தமிழ் கற்றார். 1850களிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டார். கட்டர் என்பார் எழுதிய உடல்நூலைத் தழுவி 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' வெளிவந்தது. இப்பெயர் இன்று நமக்குக் கடினமாகத் தோன்றலாம். அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். சுகரணவாதம் என்பது உடலியங்கியல். உற்பாலனம் என்பது உடல்நலம் பேணும் முறை. மகப்பேறு பற்றிய மான்செல் என்பாரின் நூலும் அக்காலத்திலேயே தமிழில் அமைந்தது.

ஓயாத உழைப்பினால் உடல் நலிவுற்ற கிறீன் 1857இல் தாய்நாடு திரும்பினார். ஐந்து ஆண்டுகள் அங்குத் தங்கி, 1862இல் மார்கரெட் என்னும் அம்மையாரை மணந்து, அவருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இரண்டாம் முறை வந்த அவர் உள்ளத்தில் ஒரே திட்டம் இருந்தது. மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழ்வழியாக மாற்றுவதே அத்திட்டம். 1864ஆம் ஆண்டளவில் தமிழ் மருத்துவ வகுப்பு தொடங்கிற்று.

அதனைத் தொடர்ந்து நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் அச்சேறியது. மனித உடற்கூற்றை விரிவாக விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வந்தது. இது கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில நூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858இல். உலகின் சிறந்த மருத்துவ நூல் ஒன்று 14 ஆண்டுகளுக்குள் தமிழ் மாணவர் கைக்கு வந்துவிட்டது. பொது மருத்துவம் பற்றிய 'வைத்தியாகரம்', வேதியியல் பற்றிய 'கெமிஸ்தம்', உடலியங்கியல் பற்றிய 'மனுஷ சுகரணம்', மருந்துப் பொருள்கள் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' ஆகியனவும் அவர் பணியின் விளைவுகளே. இவை அனைத்தும் சேர்ந்து நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் ஆகும்.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் ஒழுங்கான நெறியைப் பின்பற்றினார். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் உண்டா என்று தேடுவார். இல்லையாயின் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்தும் சொல் கிட்டாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவார். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்த சொல்லே. சொற்களைத் தொகுத்து அகராதிகளாகவும் வெளியிட்டார். அவர் வழங்கிய வடசொற்கள் பல இன்று வழக்கொழிந்துவிட்டன. அவற்றின் இடத்தில் நல்ல தமிழ்ச்சொற்கள் வந்துள்ளன. எனினும் அறிவியலைத் தமிழில் சொல்லலாம் என்பதை மெய்ப்பித்த முன்னோடி முயற்சிகளுள் அவருடையது தலைமையானது.

இப்பணியை அவர் தனியே செய்யவில்லை. அவரிடம் பயின்ற டான்வர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். தமிழர்களாகிய அவர்கள் மிஷன் வழக்கப்படி மேலைப்பெயர் பூண்டிருந்தனர். மருத்துவம் அறிந்த ஆசிரியரும் மொழிமரபு அறிந்த மாணவரும் கூடி உழைத்தமையாலேயே அந்நூல்கள் உருவாயின. மாணவர் கல்வியைப் பெறுவோராக மட்டுமன்றி, கல்வியை ஆக்குவோராகவும் விளங்கினர்.

தெரிந்து தெளிவோம்

கிறீன் வழங்கிய சொற்களும் இன்றைய சொற்களும்:
அங்காதிபாதம் – உடற்கூற்றியல்
சுகரணவாதம் – உடலியங்கியல்
உற்பாலனம் – நலவியல்
இரண வைத்தியம் – அறுவை மருத்துவம்
கெமிஸ்தம் – வேதியியல்

கொள்ளைநோயும் கற்ற கல்வியும்

1860களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பேதிநோய் கடுமையாகப் பரவியது. அந்நோய் கண்டவர் உடலின் நீரைப் பெருமளவில் இழந்து ஒருநாளிலேயே இறப்பதும் உண்டு. அச்சம் சூழ்ந்த அந்நாள்களில் ஒரு மருத்துவரால் எத்தனை ஊர்களுக்குச் செல்ல இயலும்? கிறீனிடம் பயின்றவர்கள் பல இடங்களில் இருந்தமையால் மருந்தும் அறிவுரையும் மக்களைச் சென்றடைந்தன. நோய் வந்தபின் காப்பதைவிட வாராமற் காப்பதே சிறப்பு என்னும் கருத்தும் அவர்கள் வாயிலாகப் பரவியது.

நூல்கள் மாணவர்க்கு மட்டுமே பயன்படும் என்பதை உணர்ந்த கிறீன், பொதுமக்களுக்கெனச் சிறு வெளியீடுகளையும் எழுதினார். பேதிநோய், தாய்சேய் நலம் முதலியன பற்றி எளிய தமிழில் அவை அமைந்தன. மருத்துவர் கூறுவதைப் புரிந்துகொள்ளும் அறிவு மக்களுக்கும் வேண்டும். அவ்வறிவு இல்லாத ஊரில் மருத்துவரின் உழைப்புப் பாதி வீணாகும் என்பது அவர் எண்ணம்.

கடல்கடந்தும் தொடர்ந்த பணி

1873ஆம் ஆண்டு உடல்நலக் குறைவினால் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். இம்முறை மனைவி மக்களுடன் சென்ற அவர் மீண்டும் வரவில்லை. ஆயினும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே கைப்படிகளைத் திருத்தினார், மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். தாள்கள் கப்பலேறி யாழ்ப்பாணத்திற்கும் அமெரிக்காவிற்கும் இடையே பயணம் செய்தன. அவருடைய 'மனுஷ சுகரணம்' 1883இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்தது. தம்மைச் சூழத் தமிழ் பேசுவோர் எவரும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு, தாம் இனிக் காணப்போகாத மாணவர்க்காக ஒருவர் பத்தாண்டுகள் உழைத்தார் என்பது வியப்பிற்குரியது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் கிறீன் வூஸ்டரில் இயற்கை எய்தினார். தம் கல்லறையில் எளிய கல் ஒன்றே இருக்க வேண்டும் என்றும், தமிழர்க்கு மருத்துவப் பணியாற்றியவர் என்னும் குறிப்பு அதில் இடம்பெற வேண்டும் என்றும் அவர் விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. அமெரிக்க மண்ணில் தமிழர் பெயர் தாங்கி நிற்கும் அக்கல், அவர் தம் வாழ்வின் பயனாக எதனைக் கருதினார் என்பதைக் காட்டுகிறது.

விளைவும் மதிப்பீடும்

கிறீனிடம் மருத்துவம் பயின்று தேறியோர் 60-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றனர். எண்ணிக்கையில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு சுற்றுவட்டாரத்திற்கு மருத்துவராக இருந்தார் என்பதைக் கருத, அச்சிறு எண்ணின் பெருமை புலப்படும். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவ நிலையம் பின்னாளில் அவர் பெயரால் கிறீன் நினைவு மருத்துவமனை என வழங்கலாயிற்று.

அவர் முயற்சி முழுவெற்றி பெற்றதா என்று கேட்பின், இல்லை என்றே கூற வேண்டும். தமிழ் மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலவழிக் கல்லூரி வளர்ந்தது. அரசுப்பணிக்கு அக்கல்வியே வேண்டப்பட்டது. தனியொருவரின் ஊக்கத்தால் எழுந்த கல்விமுறை, அரசின் ஏற்பும் தொடர்ந்து பேணுவோரும் இன்றி நிலைத்தல் கடினம் என்பதை இது உணர்த்துகிறது. நூல்கள் புதுக்கப்படாதபோது அறிவியல் முன்சென்றுவிடும், நூல் பின்தங்கிவிடும்.

எனினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. மருத்துவம் கற்றவர் ஏன் சிற்றூர்களில் தங்குவதில்லை? மக்களின் மொழியும் வாழ்வும் அறிந்தவராக அவரை எவ்வாறு உருவாக்குவது? 1978இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக நாடுகள், அடிப்படை நலவாழ்வு மக்கள் வாழும் இடத்திற்கே செல்ல வேண்டும் என அறிவித்தபோதும் இவ்வினாவே முன்நின்றது. இன்று இந்தியாவில் மருத்துவ மாணவர் தம் படிப்பின் ஒரு பகுதியாகச் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைப் பொறுப்பேற்று, அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. நோயாளியை மருத்துவமனைக் கட்டிலில் மட்டும் காணாமல், அவர்தம் வீட்டிலும் கண்டு கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் ஒரு மருந்தகத்தையும் சில மாணவரையும் கொண்டு கிறீன் தொடங்கியதும் இதுவே. மக்களிடமிருந்து மாணவரைத் தேர்ந்து, மக்கள் நடுவே பயிற்றி, மக்கள் மொழியில் கற்பித்து, மக்களிடமே திரும்ப ஒப்படைத்தார் அவர். மருத்துவராக விரும்பும் மாணவர் எவரும், எங்கே கற்பது என்று எண்ணுவதோடு, கற்றபின் யாரிடம் செல்வது என்றும் எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணத்தை நம்முள் விதைப்பதே கிறீனின் வாழ்வு தரும் பாடமாகும்.